விளக்கை அணைத்தால் பழுது தீருமா?

பழைய காரொன்றின் எச்சரிக்கை விளக்கை அணைப்பதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. பொனற்றைத் திறந்து, பற்றரியின் மறை முனையில் பூட்டியிருக்கும் வயரைக் கழற்றி, ஒரு கோப்பைத் தேநீரை ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டு மீண்டும் பூட்டினால், அனேகமான பழைய கார்களில் அந்த மஞ்சள் விளக்கு மறைந்துபோகும். சற்று வசதியான கராஜ் என்றால் கையடக்கமான ஸ்கேனர் ஒன்றைச் செருகி, ஒரு பொத்தானை அழுத்தி, அதே வேலையை அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பதுளையிலும் பண்டாரவளையிலும் இதற்கு வழங்கும் பெயர் 'ரீசெற் அடிப்பது'. காரின் கணினியை அதன் ஆரம்ப நிலைக்குத் திருப்பிவிடுவதே இதன் பொருள்.

அரசியலையும் தோட்டத் தொழிற்சங்கங்களையும் பற்றி எழுதிவந்தவனுக்குக் காரின் கணினியோடு என்ன வேலை என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், மலைநாட்டுச் சாதாரண மக்கள் தங்கள் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் ஒரு பொருளில், அதன் நோயை மறைத்து விற்பதற்கு இந்தச் சிறிய வித்தை பயன்படுத்தப்படுகின்றது. அதைப் பற்றி எவரும் எழுதுவதாகத் தெரியவில்லை. ஆகவேதான் இந்தப் பத்தி.

முதலில் பின்னணியைச் சொல்லவேண்டும். 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. கொரோனாவும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அதற்குக் காரணங்கள். 2022இன் பொருளாதார வீழ்ச்சி அந்தக் கதவை மேலும் இறுக்கியது. தனியார் கார்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்தபோதும், வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டாத உயரத்திலேயே இருந்தது. இந்த ஐந்தாண்டு காலத்தில் நாட்டிலிருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. வழமையாக வயதோடு குறையவேண்டிய காரின் விலை வயதோடு ஏறிய விசித்திரத்தை நாம் கண்டோம்.

இந்தக் கைமாற்றத்துக்கு ஒரு திசை உண்டு. ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய கார் 'ரீகண்டிஷன்' என்ற பெயரில் கொழும்புக்கு வருகின்றது. அங்கே ஒருவர் ஓட்டித் தீர்த்தபின் இரத்தினபுரிக்கோ குருநாகலுக்கோ போகின்றது. மூன்றாம் கையாகவோ நான்காம் கையாகவோ பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் அப்புத்தளைக்கும் வந்து சேர்கின்றது. மலைக்கு வரும்போது அதன் வயது பதினைந்தைத் தாண்டியிருக்கும். வாங்குபவர் தோட்டத்து எழுதுவினைஞராக இருப்பார். பாடசாலை ஆசிரியராக இருப்பார். நகரத்தில் சிறிய கடை வைத்திருப்பவராக இருப்பார். அல்லது மகளோ மகனோ மத்திய கிழக்கிலிருந்து அனுப்பிய பணத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பெற்றோராக இருப்பார். பழைய கார் மலிவு என்று இவர்கள் அதை வாங்குவதில்லை. இவர்களால் வாங்கக்கூடியது அது ஒன்றுதான்.

அந்தக் கார் ஒரு குடும்பத்துக்கு மட்டும் சொந்தமாக இருப்பதுமில்லை. நள்ளிரவில் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால், 1990 என்ற இலக்கத்தை அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்கலாம் என்பது உண்மையே. ஆனால் பிரதான வீதியிலிருந்து பல கிலோ மீற்றர் உள்ளே, குண்டும் குழியுமான தோட்டப் பாதையின் முடிவில் இருக்கும் பிரிவுகளில், தெரிந்த ஒருவரின் வானோ காரோதான் முதலில் வந்து நிற்கும். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அது ஏற்றத்தில் நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

இனி அந்தக் கணினியைப் பற்றி.

துரைமார் காலத்து மொரிஸ் மைனரிலும் ஒஸ்ரினிலும் கணினி இருக்கவில்லை. காபரேற்றர் என்ற கருவி, காற்றையும் பெற்றோலையும் ஓர் அளவில் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும். அந்த அளவை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால் அது அந்த இடத்துக்குத்தான் பொருந்தும். வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை, பெரகலை வழியாக அப்புத்தளைக்கு ஏறும்போது ஆயிரம் மீற்றருக்கு மேல் உயர்கின்றோம். அப்புத்தளையின் உயரத்தில் வளியமுக்கம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. காற்று மெலிந்துவிட, பெற்றோல் மட்டும் பழைய அளவில் வந்துகொண்டிருந்தால் எஞ்சின் கறுப்புப் புகை கக்கித் திணறும். அக்காலத்துச் சாரதிகள் மலைக்கு வந்ததும் காபரேற்றரைத் திருகிச் சரிசெய்தது இதனாலேயே.

கணினி வந்தபின் அந்தத் திருகும் வேலை ஒழிந்தது. எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் அளவை ஓர் உணரி சொல்கின்றது. புகைக் குழாயிலுள்ள ஒட்சிசன் உணரி, எரிதல் சரியாக நடந்ததா என்று திருப்பிச் சொல்கின்றது. இரண்டையும் வைத்துக் கணினி ஒவ்வொரு கணமும் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கின்றது. அதுமட்டுமன்றி, அது கற்றுக்கொள்ளவும் செய்கின்றது. உங்கள் எஞ்சின் தேய்ந்த விதம், வெற்று வேகத்தில் தேவைப்படும் காற்று, ஓட்டோமற்றிக் கியர் மாறவேண்டிய தருணம் ஆகியவற்றை நாளடைவில் பதிந்து வைத்துக்கொள்கின்றது. ஏதாவது ஓர் உணரி பொருந்தாத தகவலைத் தந்தால், அதற்கொரு குறி எண்ணை நினைவில் எழுதி, சாரதியின் கண்முன் மஞ்சள் விளக்கை ஏற்றுகின்றது.

இந்த ஏற்பாடு வாகனக் கம்பனிகளின் தயவால் வந்ததல்ல. கலிபோர்னியாவின் நச்சுப் புகையைக் கட்டுப்படுத்த அங்குள்ள அரசு பிறப்பித்த சட்டங்களால் வந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட எல்லாக் கார்களுக்கும் ஓ.பி.டி. இரண்டு எனப்படும் ஒரே மாதிரியான இணைப்பும் ஒரே மாதிரியான குறி எண்களும் கட்டாயமாக்கப்பட்டன. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இல் அதுபோன்ற விதி வந்தது. ஆகவே, பி0300 என்றால் எஞ்சினில் சீரற்ற எரிதல், பி0420 என்றால் புகையைச் சுத்திகரிக்கும் கன்வேர்ட்டர் பலவீனம், பி0ஏ80 என்றால் ஹைபிரிட் பற்றரி மாற்றப்படவேண்டும் என்பவை டொரொன்டோவிலும் பதுளையிலும் ஒரே பொருளைத்தான் தருகின்றன.

அதற்கு முந்திய தொண்ணூறுகளின் டொயோட்டாக்களில் ஸ்கேனர்கூடத் தேவைப்படாது. பொனற்றுக்குள் இருக்கும் சிறிய பெட்டியில் இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தால், எச்சரிக்கை விளக்கு சிமிட்டிச் சிமிட்டித் தன் குறியைத் தானே சொல்லும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் பன்னிரண்டு. பழுதைத் திருத்தியபின் ஈ.எஃப்.ஐ. என்று எழுதிய பியூஸைப் பத்து வினாடிக்கு மேல் கழற்றி வைத்தால் நினைவு அழியும். குளிர் கூடிய இடத்தில் இன்னும் சற்று நேரம் வைத்திருக்கவேண்டும் என்று அந்தக் கம்பனியின் கைநூலே கூறுகின்றது. நுவரெலியாவிலும் அப்புத்தளையிலும் இருப்பவர்கள் கவனிக்கவேண்டிய குறிப்பு அது.

'பழுதைத் திருத்தியபின்' என்ற சொற்களை வாசகர்கள் மீண்டும் ஒருமுறை படிக்கவேண்டும். ரீசெற் என்பது சிகிச்சையின் கடைசிப் படி. கெட்டுப்போன உணரியை மாற்றிவிட்டீர்கள். அறுந்த வயரை ஒட்டிவிட்டீர்கள். பழைய குறி இன்னும் நினைவில் இருக்கின்றது. அதை அழித்துவிட்டு, மறுபடியும் வருகின்றதா என்று பார்ப்பதற்காகவே அந்த வசதி வைக்கப்பட்டிருக்கின்றது. அப்படிச் செய்வதில் ஒரு குற்றமும் இல்லை. வீட்டிலேயே செய்ய விரும்புபவர்களுக்கும் சில வார்த்தைகள். சாவியை அணைத்துவிட்டு மறை முனையை முதலில் கழற்றுங்கள்; பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். கணினி கற்றுவைத்த பாடமும் சேர்ந்து அழிந்துவிடுவதால், சில நாட்களுக்கு எஞ்சின் வெற்று வேகத்தில் நடுங்கும். கியர் முரட்டுத்தனமாக மாறும். பின்பு தானாகச் சீராகும். சில நிசான் கார்களில் அது தானாகச் சீராகாமல், வெற்று வேகத்தை மறுபடி கற்பிக்கும் தனிப்பட்ட முறையொன்றைக் கையாளவேண்டி வரும். உயிர்காப்புக் காற்றுப்பையின் பழுதுக் குறிகள் பல கார்களில் பற்றரியைக் கழற்றினாலும் அழிவதில்லை. அவற்றைச் சீண்டாமல் விடுவதே நல்லது. ஹைபிரிட் கார் என்றால் செம்மஞ்சள் உறையிட்ட தடித்த வயர்களில் கை வைக்கவே கூடாது. அக்குவாவின் ஹைபிரிட் பற்றரி 144 வோல்ட். மூன்றாம் தலைமுறை வரையான பிரியஸ்களில் பெரும்பாலானவற்றில் அது 200 வோல்டுக்கும் மேல். உயிரைக் குடிக்க இரண்டுமே போதுமானவை.

ஆக, ரீசெற் என்ற கருவியில் பிழை இல்லை. அதைச் சிகிச்சைக்குப் பதிலாகப் பயன்படுத்தும் பழக்கமும், அதைவிட மோசமாக, விற்பதற்கு முதல்நாள் பயன்படுத்தும் பழக்கமுமே பிழையானவை.

எனக்குத் தெரிந்த ஒருவர், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊழியர் சேமலாப நிதியின் பெரும்பகுதியைக் கொண்டு, கொழும்புக்கு அண்மையிலுள்ள வாகன விற்பனை நிலையமொன்றில் பழைய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினார். வாங்கும்போது டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. வண்டி வெண்ணெய்போல ஓடியது. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், நமுனுகுலைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தபோது எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. வண்டி வலுவிழந்து ஊர்ந்தது. பதுளையில் ஒரு கராஜ் பாஸ் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது நேற்று வந்த வருத்தம் இல்லை. வாங்குறதுக்கு முந்தி அழிச்சிருக்கிறாங்க" என்றாராம். எப்படிச் சொல்கின்றீர்கள் என்று இவர் கேட்க, அவர் திரையில் ஓர் இலக்கத்தைக் காட்டினார். குறிகள் கடைசியாக அழிக்கப்பட்டபின் வண்டி ஓடிய தூரம் முந்நூறு கிலோ மீற்றருக்குச் சற்று அதிகம். கொழும்பிலிருந்து பதுளைக்கு 230 கிலோ மீற்றர் அளவில் வரும். மீதியை அவர் வீட்டைச் சுற்றி ஓடியிருந்தார். கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியது.

விற்பனை நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தபோது, "நாங்கள் தரும்போது நன்றாகத்தானே இருந்தது? நீங்கள் மலையில் ஓட்டியிருக்கிறீர்கள்" என்று பதில் கிடைத்தது. மலையில் வசிப்பவன் வேறெங்கே ஓட்டுவது என்று அவர் என்னிடம் கேட்டார். பற்றரிக்குப் பல இலட்சம் ரூபா தேவைப்பட்டது. கார் மாதக்கணக்கில் வீட்டு முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் நின்றது.

இந்தச் சம்பவத்தில் நாம் பிடித்துக்கொள்ளவேண்டிய நுனி ஒன்று இருக்கின்றது. கிலோ மீற்றர் மானியைப் பின்னோக்கிச் சுற்றும் மோசடியை நம்மவர்கள் எல்லோரும் அறிவார்கள். நினைவை அழிக்கும் மோசடியை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் இரண்டாவதில் அழித்தவரின் கைரேகை அங்கேயே பதிந்து கிடக்கின்றது. ஓ.பி.டி. இரண்டு முறைமையைப் பின்பற்றும் பல கார்களில், குறிகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரத்தைச் சாதாரண ஸ்கேனரே காட்டும். அத்துடன், கணினி தன் உறுப்புகளைத் தானே சோதித்து முடித்துவிட்டதா, இன்னும் முடிக்கவில்லையா என்ற பட்டியலும் உண்டு. அழித்த உடனே அந்தப் பட்டியல் 'முடியவில்லை' என்று மாறிவிடும். மீண்டும் பூர்த்தியாகப் பல நாள் ஓட்டம் வேண்டும். பத்து வருடம் ஓடிய கார் ஒன்று, தன்னைச் சோதிக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லுமானால், யாரோ அதன் வாயை அண்மையில் பொத்தியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். கராஜ் பாஸ்மார் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். பெற்றோல் தாங்கியின் மூடியைச் சரியாக இறுக்காவிட்டால்கூட விளக்கை ஏற்றும் கார்கள் இருக்கின்றன. ஐப்பசி தொடக்கம் தை வரை ஊவாவில் பெய்யும் மழையில் இணைப்புகளில் ஈரம் படிந்து, காய்ந்ததும் தானே நீங்கும் பழுதுகளும் உண்டு. வாடிக்கையாளரின் கையில் காசில்லை. 2022க்குப் பின் உதிரிப்பாகங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. இப்போதைக்கு விளக்கை அணைத்துத் தாருங்கள், சம்பளத்துக்குப் பின் பார்ப்போம் என்று கேட்பவரும் வாடிக்கையாளர்தான். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அழிப்பதற்கு முன் குறி எண்ணை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வாகனக்காரரிடம் கொடுப்பதற்குக் காசு எதுவும் செலவாவதில்லை. அந்தத் துண்டுக் கடதாசி இருந்தால், அடுத்த கராஜ்காரர் முதலிலிருந்து தேடவேண்டியதில்லை. அது இல்லாதபோது, நோயாளியின் கிளினிக் கொப்பியைக் கிழித்தெறிந்துவிட்டு அவரை வேறு வைத்தியரிடம் அனுப்பியதாகத்தான் ஆகும்.

ஊவாவில் இது ஏன் மற்ற இடங்களைவிட முக்கியமாகின்றது? எங்கள் வீதிகள் காரணம். 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட பஸ், பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில், தங்காலை நகர சபை ஊழியர்களை ஏற்றிவந்த பஸ் பள்ளத்தில் பாய்ந்து மீண்டும் பல உயிர்கள் போயின. இந்த விபத்துகளுக்கும் கார்க் கணினிக்கும் முடிச்சுப் போட நான் முயலவில்லை. இந்தச் சரிவுகளில் ஒரு பழுது எவ்வளவு விலை கேட்கும் என்பதற்காக மட்டுமே நினைவூட்டுகின்றேன். எஞ்சின் விளக்கை அழிக்கும் அதே பொத்தான் ஏ.பி.எஸ். விளக்கையும் அழிக்கக்கூடியது. ஏ.பி.எஸ். பழுதானாலும் சாதாரண பிறேக் வேலை செய்யும். ஆனால் மழையில் நனைந்த வளைவில் திடீரென்று மிதிக்கும்போது சில்லுகள் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். சமதரையில் அது வயலுக்குள் போகும். பசறை வீதியில் எங்கே போகும் என்பது அந்த வீதியில் பயணித்த எவருக்கும் தெரியும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபின் இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கின்றது. வெள்ளத்திலும் சேற்றிலும் கிடந்த வாகனங்கள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருவது உலகெங்கும் நடப்பதே. நனைந்த இணைப்புகள் உடனே செத்துவிடுவதில்லை. பச்சை பூத்து, மெல்ல மெல்ல, மாதங்கள் கழித்துத்தான் பழுது காட்டும். அதுவரை ஒவ்வொரு விளக்கையும் ரீசெற் அடித்து அடித்துக் காலத்தைக் கடத்த முடியும்.

மற்ற நாடுகளில் இதை எப்படிக் கையாள்கின்றார்கள்? கனடாவில் வாழும் வாசகர்களுக்கு ஒன்ராறியோவின் 'ட்ரைவ் கிளீன்' பரிசோதனை நினைவிருக்கும். 2019இல் சாதாரண கார்களுக்கு அது கைவிடப்படும்வரை, அதன் கடைசி ஆறு வருடங்களில் புகைக் குழாயைச் சோதிப்பதற்குப் பதிலாகக் கணினியையே கேட்டார்கள். அழித்துவிட்டு ஓடிவந்த கார்கள் 'இன்னும் தயாரில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டன. பிரித்தானியாவில் 2018 மே மாதத்திலிருந்து எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எம்.ஓ.ரி. பரிசோதனையில் சித்தியில்லை, விளக்கே வேலை செய்யாவிட்டாலும் சித்தியில்லை.

இலங்கையில் 2008இல் மேல் மாகாணத்தில் ஆரம்பித்து நாடெங்கும் விரிந்த புகைப் பரிசோதனை, குழாயிலிருந்து வரும் புகையை அளப்பதோடு நின்றுவிடுகின்றது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும் தனியார் கார்க்காரரிடம் அந்தச் சான்றிதழும் காப்புறுதியும்தான் கேட்கப்படுகின்றன. டாஷ்போர்டில் திருவிழாபோல விளக்குகள் எரிந்தாலும் எவரும் கேட்பதில்லை. புகைப் பரிசோதனை நிலையத்துக்கு எப்படியும் வருடத்துக்கொருமுறை கார் போகத்தான் வேண்டும். அங்கே ஸ்கேனரையும் ஒருமுறை செருகி, இருக்கும் குறிகளையும் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரத்தையும் அறிக்கையில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன? அதை வைத்துக் காரை நிராகரிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் தண்டனை ஏழைக்குத்தான் போய்ச் சேரும். தகவல் எழுத்தில் இருந்தால் போதும். வருடா வருடம் சேரும் அந்த அறிக்கைகளே காரின் சரித்திரமாகும். வாங்குபவர் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் விவகார அதிகார சபை, பழைய வாகனம் விற்கும் நிறுவனங்கள் அத்தகைய அறிக்கையொன்றைக் கையளிக்கவேண்டும் என்று பணிப்பதற்கும் பெரிய தடை இருக்கப்போவதில்லை.

இன்னொன்று மொழி. ஜப்பானிலிருந்து வரும் கார்கள் பலவற்றில் திரையில் தோன்றும் எச்சரிக்கை ஜப்பானிய எழுத்தில் இருக்கின்றது. "வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும்" என்று கார் சொல்கின்றது. அதை ஓட்டுபவருக்குச் சித்திர வேலைப்பாடுபோலத் தெரிகின்றது. கைநூலும் அதே மொழியில். தெரியாத மொழியில் எச்சரித்தால் அதை அணைத்துவிடத்தான் மனிதனுக்குத் தோன்றும். குறி எண்களையும் எச்சரிக்கை வாசகங்களையும் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கும் ஒரு சிறு கைநூலைப் பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் வெளியிட முடியும். தோட்டப்புற இளைஞர்கள் தமிழ் மொழியிலேயே வாகன மின்னணுவியலைக் கற்று, ஊரிலேயே தொழில் செய்யும் வாய்ப்புகள் பெருகவேண்டும். கொழும்புக் கடைகளில் சாமான் கட்டப் போகும் பிள்ளைகளில், வயர் ஒன்றின் நிறத்தைப் பார்த்தே அது எங்கே போகின்றது என்று சொல்லக்கூடிய மூளைகள் நிறைய உண்டு.

எச்சரிக்கையை அமர்த்திவிட்டுக் காரணத்தை அப்படியே விட்டுவைக்கும் பழக்கம் காரோடு மட்டும் நிற்பதாயிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்களுக்கு மேலிருந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்களை வேறிடத்தில் குடியேற்றவேண்டும் என்று சொல்லப்பட்டது. எச்சரிக்கை கோவைக்குள் போனது. மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி வந்தது. விளக்கு எரியவில்லை என்று அங்கே எவராலும் சொல்ல முடியாது. எரிந்த விளக்கை யார் எங்கே அணைத்தார்கள் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் சொன்னவர் இல்லை.

மலை விவகாரம் நம் கையில் இல்லை. அதற்குப் பொறுப்பானவர்கள் வேறு. கார் விவகாரத்தில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பழைய கார் பார்க்கப் போகும்போது நம்பிக்கையான பாஸ் ஒருவரை அவருடைய ஸ்கேனரோடு அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது. எஞ்சினை இயக்குவதற்கு முன் சாவியை ஒரு படி திருப்பி, எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று பாருங்கள். அப்போது எரியாத விளக்கு, பல்ப் கழற்றப்பட்ட விளக்காக இருக்கலாம். குறிகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரம் எத்தனை என்று விற்பவரிடம் நேராகவே கேளுங்கள். நியாயமான காரணம் உள்ளவர் திருத்திய பற்றுச்சீட்டைக் காட்டுவார். முடிந்தால் ஓர் ஏற்றத்தில், ஆட்களை ஏற்றிக்கொண்டு, அரை மணித்தியாலமாவது ஓட்டிப் பாருங்கள். கடுவெலையின் சமதரையில் ஒளிந்துகொள்ளும் பழுது அவிசாவளையைத் தாண்டினால் தலைகாட்டிவிடும்.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள அண்ணனுக்கோ மாமாவுக்கோ கார் வாங்கப் பணம் அனுப்பும்போது, அதில் ஒரு சிறு தொகையை ஸ்கேனர் ஒன்றுக்கென்று ஒதுக்குங்கள். கைத்தொலைபேசியோடு இணைத்துப் பார்க்கக்கூடிய மலிவான கருவிகளே போதும். கார் தன் வருத்தத்தைச் சொல்லும்போது அதைக் கேட்க அந்த வீட்டில் ஒருவராவது இருக்கட்டும்.